நாற்பத்தேழாம் இலக்க முத்திரை

மரியதாஸ் அண்ணை செவ்வாய்க்கிழமை காலை ஆறேகால் மணிக்கு, க்ரொய்டனில் உள்ள மருத்துவமனையில் இறந்தார். இதை உறுதிப்படுத்தியவர், அப்போது அவருக்குப் பக்கத்தில் இருந்த மகள் லேனா. நேரத்தையும் ஆளையும் முதலில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டு நாளுக்கு முன்பே, ஞாயிற்றுக்கிழமை, எங்கள் பகுதி வாட்ஸ்அப் குழு ஒன்று அவரைச் சாகடித்து, மெழுகுதிரிப் படங்களும் போட்டு முடித்திருந்தது. நான் லேனாவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அப்பா யோகட் சாப்பிடுறார், அங்கிள். குறூப்பிலை வந்ததை வாசிச்சுக் காட்டினனான். நல்லாத்தான் எழுதியிருக்கினம், திகதிதான் பிழை எண்டு சொல்லச் சொன்னவர்."

செவ்வாய் காலை அவளே எடுத்தாள். "அங்கிள், இந்த முறை கன்பர்ம்," என்றாள். "நீங்கள் ரெண்டு பேரைக் கேப்பீங்கள் எண்டு தெரியும். நர்ஸிட்டைக் குடுக்கட்டே?"

வேண்டாம் என்றேன். செய்தித் தொழிலில் நாற்பது வருடம் இருந்து, ஒரே ஒருவரின் சொல்லை வைத்துக்கொண்டு நான் ஏற்றுக்கொண்ட முதல் மரணம் அது.

அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நோர்பரியில் அவரை அறியாதவர்கள் குறைவு. ஆனால் அறிந்தவர்களும் துண்டுதுண்டாகத்தான் அறிவார்கள். மாதா கோவிலுக்கு வருகிறவர்களுக்கு அவர், நத்தாருக்கு நட்சத்திரம் கட்டும்போது ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர். மிச்சம் என்ற இடத்தில் காற்றுக்குழாய் செய்யும் பட்டறையில் அவரோடு வேலை செய்தவர்களுக்கு, தகரத்தின் ஓரத்தைப் பெருவிரலால் தடவிப் பார்த்து, "உது சரிவராது, கழட்டு," என்று சொல்லும் ஆள். யோகனின் பலசரக்குக் கடைக்குப் போகிறவர்களுக்கு, முட்டைப் பெட்டியைத் திறந்து பன்னிரண்டையும் திருப்பிப் பார்க்காமல் காசு கொடுக்காதவர். ரஷ்யாவில் உள்ள ஒரு விமானத் தொழிற்சாலையின் வரலாற்றைத் தமிழில் எழுதியவர் அவர் என்பதை நினைவில் வைத்திருப்பவர்கள் மிகச் சிலர். அந்த வரலாற்றில் ஒரு பக்கம் அச்சில் வரவில்லை. வராததற்குக் காரணம் நான்.

ஏறத்தாழ இருபது வருடத்துக்கு முன் எங்கள் மாத இதழின் அலுவலகம் யோகனின் கடைக்கு மேலே ஓர் அறையில் இருந்தது. ஒரு சனிக்கிழமை அவர் படியேறி வந்து மேசையில் ஒரு பைலை வைத்தார். முதல் தாளில் 'ஒரு விமானத் தொழிற்சாலையின் வரலாறு' என்று கறுப்பு மையில் எழுதியிருந்தது. எந்தத் தொழிற்சாலை என்று கேட்டேன்.

"ரஷ்யாவிலை. வொல்கா ஆத்தங்கரையிலை. நான் வேலை செய்த இடம்."

"அதை ஏன் அண்ணை தமிழிலை எழுதினனீங்கள்?"

"ரஷ்யனிலை எழுதினால் அங்கை இருக்கிறவங்கள் திருத்துவாங்கள். இங்கிலீசிலை எழுதினால் இஞ்சை இருக்கிறவங்கள் திருத்துவாங்கள். எங்கடை ஆக்கள் திருத்தமாட்டினம். சண்டைதான் பிடிப்பினம். அது பரவாயில்லை."

மன்னாரில் பிறந்து, புலமைப்பரிசிலில் சோவியத் யூனியனுக்குப் போய், விமானப் பொறியியல் படித்து, அங்கேயே கலீனா என்ற பெண்ணைத் திருமணம் செய்தவர் அவர். அந்தத் தொழிற்சாலை முன்பு வெளிநாட்டவருக்கு வாசல் கதவைக்கூடக் காட்டாத இடம். தொண்ணூறுகளில் வாசலில் காவலுக்கும் ஆளில்லை, உள்ளே தரம் பார்க்கவும் ஆளில்லை என்ற நிலை வந்தபோது இவரை எடுத்துக்கொண்டார்கள்.

முதல் அத்தியாயத்தை அவர் முன்னாலேயே வாசித்தேன். இரண்டாம் உலகப் போர் நெருங்கியபோது நாட்டின் மேற்குப் பக்கத்திலிருந்த தொழிற்சாலையைக் கழற்றி, ரயிலில் ஏற்றி, ஆற்றங்கரை வெளியில் கொண்டுவந்து இறக்கியதில் அது தொடங்கியது. இறக்கிய இடத்தில் சுவர் பாதிதான் இருந்தது. கூரை இல்லை. இயந்திரங்களின் எண்ணெய் குளிரில் கட்டியாகிவிட்டதால் ஒவ்வொன்றின் கீழும் விறகு மூட்டி இளக்கினார்கள். பனி விழுந்துகொண்டிருக்க வேலை நடந்தது. கூரை போட்டு முடிப்பதற்கு முன்பே முதல் விமானம் வெளியே போய்விட்டது.

"இதை உங்களுக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டேன்.

"க்ளாவா மாமி. அந்தக் குளிருக்குள்ளை நிண்டு வேலை செய்தவ. நான் போகேக்கை கன்ரீனிலை இருந்தவ."

"வேறை ஆரும்?"

"ஏன், அவ காணாதோ?"

"ஒருத்தர் சொன்னால் அது கதை, அண்ணை. ரெண்டு பேர் சொன்னால்தான் செய்தி."

"எங்கடை இடத்திலை ஒரு முத்திரை காணும், தம்பி," என்றார். காணும் என்றால் போதும்.

அந்த முத்திரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே தரம் பார்க்கும் ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு சிறு எஃகு முத்திரை உண்டு. சாய்சதுரக் கட்டத்துக்குள் ஓர் இலக்கம். அவருடையது நாற்பத்தேழு. பார்த்துச் சரி என்றால், அந்தப் பாகத்திலும் அதற்குரிய தாளிலும் அதைக் குத்த வேண்டும். காலையில் கையெழுத்து வைத்து வாங்கி, மாலையில் கையெழுத்து வைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வேலையை விட்டுப் போனால் அந்த இலக்கத்தைப் பல வருடங்களுக்கு வேறு யாருக்கும் கொடுக்கமாட்டார்கள். ஏதாவது விழுந்து நொறுங்கினால், நொறுங்கிய துண்டில் உள்ள இலக்கம் யாருடையது என்பதில் சந்தேகம் வரக்கூடாது.

முத்திரையை அங்கேயே கொடுத்துவிட்டு வந்தாலும் பழக்கம் அவரோடு வந்துவிட்டது. மிச்சம் பட்டறையில் அவர் பார்த்து அனுப்பிய காற்றுக்குழாய்களின் உள்பக்கத்தில் மார்க்கர் பேனையால் ஒரு சாய்சதுரம், உள்ளே 47. லேனாவின் கணக்குக் கொப்பியின் மூலையிலும் அது இருந்தது. கோவில் ஏணியில் சோக்கட்டியால் போட்டிருப்பார். யோகன் அவரை நாற்பத்தேழு என்றே கூப்பிடுவான். "நாற்பத்தேழு வருது, முட்டையை ஒளியுங்கோ," என்று கடைக்குள் சத்தம் போடுவான். "உன்ரை முட்டைக்கு முத்திரை குத்தினால் எனக்குத்தான் வெக்கம்," என்பார் இவர்.

அவர் அடிக்கடி சொல்லும் ஒன்று இருந்தது. பட்டறையில் யாராவது பாராமல் ஒரு வேலையை அனுப்பிவிட்டால் சொல்வார்: "பாக்காமல் குத்திறது பஞ்சி. பாத்துப்போட்டுக் குத்திறதுதான் பாவம்." பஞ்சி என்றால் எங்கள் பேச்சில் சோம்பல். அதை அவர் அந்தத் தொழிற்சாலையில் கற்ற ஒரு விதி என்றுதான் வெகுகாலம் எண்ணியிருந்தேன்.

தொடரை வெளியிடத் தொடங்கினோம். வாசகர்கள் சிலர் பொறுமையாக வாசித்தார்கள், சிலர் பொறுக்கவில்லை. "எங்கடை சரித்திரம் எழுத ஆளில்லாமல் கிடக்கு, மன்னாரான் ரஷ்யாக்காரன்ரை பக்டரிக்கு எழுதிறான்," என்று செவன் கிங்ஸிலிருந்து ஒருவர் தொலைபேசியில் ஏசினார். மரியதாஸ் அண்ணையிடம் சொன்னேன். "சரியாத்தான் சொல்லுறார். ஆனா நான் எங்கடை சரித்திரத்துக்கை வேலை செய்யேல்லையே. பக்டரிக்கைதானே வேலை செய்தனான்," என்றார்.

எட்டாவது அத்தியாயம் எல்லோருக்கும் பிடித்தது. சோவியத் நாடு உடைந்த பிறகு தொழிற்சாலை என்ன ஆனது என்பது அதில் இருந்தது. நகரம் முழுவதற்கும் நேரம் சொன்ன சங்கு நின்றுபோனது. ஒரு மண்டபத்தைத் தோல் கோட்டு விற்பவர்களுக்கு வாடகைக்கு விட்டார்கள்; இறக்கை பூட்டும் சட்டங்களில் கோட்டுகள் தொங்கின. பல மாதம் சம்பளம் இல்லை. அதற்குப் பதிலாக, விமானத்துக்கென்று வாங்கி வைத்திருந்த அலுமினியத் தகட்டில் சட்டி செய்து வேலையாட்களுக்குக் கொடுத்தார்கள். அவற்றைச் சந்தையில் விற்றுப் பால்மா வாங்கினார்கள். அந்தச் சட்டிகளில் ஒன்று ஜெர்மனி வழியாக நோர்பரிக்கு வந்து, அவருடைய சமையலறையில் இருந்தது. "விமானத்திலை சோறு காய்ச்சின ஒரே தமிழன் நான்தான்," என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். கலீனா அக்கா உயிரோடு இருந்த காலத்தில், "அதில் இரண்டு இருந்தது, ஒன்றைத் தூக்கிப்போட்டேன்," என்று ரஷ்யத் தமிழில் சொல்லிச் சிரிப்பார்.

ஒன்பதாவது அத்தியாயத்தோடு ஒரு பட்டியல் வந்தது. அந்தக் கடைசி வருடங்களில் தொழிற்சாலை கட்டி முடித்த விமானங்கள், ஒவ்வொன்றின் இலக்கம், எந்தப் பாகம், என்ன குறிப்பு என்று ஒரு முழுப் பக்கம் நிறையப் பொடி எழுத்து. அதே மாதம் ஒரு திருமண மண்டபத்தின் முழுப்பக்க விளம்பரம் கடைசி நேரத்தில் வந்தது. பட்டியலை எடுத்துவிட்டு விளம்பரத்தைப் போட்டேன். யார் இலக்கங்களை வாசிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

இதழ் வெளியான அன்று பின்னேரம் அவர் வந்தார். கோபமாக இல்லை. கதவடியிலேயே நின்றார்.

"பட்டியலைக் காணேல்லை."

"இடம் காணாமல் போச்சு, அண்ணை. கோவியாதேங்கோ."

"அது பரவாயில்லை. நீர் அதை வாசிச்சனீரோ?"

நான் வாசிக்கவில்லை. முதல் நாலு வரியைப் பார்த்துவிட்டு ஒதுக்கி வைத்திருந்தேன். அனுப்பியவர் கேட்டால் ஒரு பத்திரிகைக்காரன் பழக்கத்தில் என்ன சொல்வானோ அதைச் சொன்னேன்.

"ஓம், முழுக்க வாசிச்சனான்."

"முழுக்க?"

"ஓம் அண்ணை."

அவர் ஏதோ கேட்க வாயெடுத்து நிறுத்தினார். "ஒண்டும் கேக்கிறதுக்கு இல்லையோ?" என்றார் கடைசியில்.

"இல்லையே. எல்லாம் வடிவா விளங்குது."

"அப்ப சரி," என்றார். படியிறங்கிப் போகும் சத்தம் கேட்டது. பத்தாவது அத்தியாயம் வரவில்லை. கேட்டபோது, சரித்திரம் அவ்வளவுதான், முடிந்துவிட்டது என்றார். எனக்கும் அது வசதியாக இருந்தது.

அதன் பிறகு நாங்கள் பகையாகவில்லை. கலீனா அக்காவின் அடக்கத்துக்குப் போனேன். லேனாவின் திருமணத்தில் அவர் எனக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிட்டார். இதழ் அச்சில் வருவது நின்றுபோனது, இப்போது இணையத்தில் மட்டும் வருகிறது. அந்தப் பட்டியலை நான் முற்றாக மறந்துவிட்டேன்.

சென்ற வருடக் கடைசியில், நோய் இன்னதென்று மருத்துவர்கள் அவரிடம் சொன்ன வாரம், வீட்டுக்கு வரச் சொன்னார். மத்தியான நேரம். அந்த அலுமினியச் சட்டியில் பயறு அவிந்துகொண்டிருந்தது. முன்னால் ஒரு விமானத்தின் புகைப்படம் இருந்தது. ஆபிரிக்காவில் எங்கோ ஒரு செம்மண் ஓடுபாதை, சாயம் வெளிறிய சரக்கு விமானம்.

படம் பீட்டரிடமிருந்து வந்தது என்றார். பீட்டர் ஓய்வுபெற்ற வெள்ளைக்கார பஸ் சாரதி. ஹீத்ரோ விமான நிலைய வேலிக்கு வெளியே புல்தரையில் மடக்குக் கதிரை போட்டு, வந்து போகும் விமானங்களின் இலக்கங்களைக் கொப்பியில் எழுதுகிறவர். ஞாயிறு பூசை முடிந்து மரியதாஸ் அண்ணையும் சில நேரம் அங்கே போய் உட்காருவார். அவர் ஓர் இலக்கத்தைக் கொடுத்துத் தேடச் சொன்னார். பீட்டர் ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிட்டார்.

"உடைச்சிருப்பாங்கள் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தனான்," என்றார். "பறக்குது, தம்பி. இப்பவும் பறக்குது."

பிறகு சொன்னார். அந்த விமானத்தின் இடது இறக்கை உடலோடு சேரும் இடத்தில் ஒரு தாங்கி. அதில் ஆறு துளைகள். கடைசி இரண்டையும் துளைத்தவன் ஓரத்துக்கு மிகக் கிட்டத் துளைத்துவிட்டான். நாற்பத்தேழு அதைப் பார்த்தது. விரலால் தடவியும் பார்த்தது. அந்த விமானம் வெளியே போனால்தான் எல்லோருக்கும் சம்பளம் என்று மேலாளர் பின்னால் நின்று சொன்னார். வீட்டில் லேனா கைக்குழந்தை. மண்டபத்தில் இருந்த எல்லோரும் தங்கள் வேலையைப் பார்ப்பதுபோல இவருடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"குத்தினனான்," என்றார்.

இங்கே வந்த பிறகு தொழிற்சாலைக்குக் கடிதம் எழுதினார். அந்தப் பகுதியையே மூடிவிட்டார்கள். கடிதம் திரும்பி வந்தது. வேறு யாருக்கு எழுதுவது என்று தெரியவில்லை. அச்சில் வந்தால் யாராவது கேட்பார்கள், கேட்டால் சொல்லலாம் என்று நினைத்தார். ஒரு வரியை மட்டும் எழுதினால் புகாராகிவிடும் என்று, தொழிற்சாலையின் முழு வரலாற்றையும் எழுதி, அதன் ஒன்பதாவது அத்தியாயத்தில், பட்டியலின் ஏழாவது வரியில் அதை வைத்தார்.

"நீர் முழுக்க வாசிச்சனான் எண்டனீர். பேப்பர்காரன். எல்லாத்துக்கும் கேள்வி கேக்கிற ஆள். நீரே வாசிச்சுப்போட்டு ஒண்டும் கேக்கேல்லை. அப்ப இது நான் நினைச்ச அளவுக்குப் பெரிசில்லையாக்கும் எண்டு நினைச்சன். அப்பிடி நினைக்க எனக்கு விருப்பமாயும் இருந்தது."

நான் வாசிக்கவில்லை என்று அப்போதுதான் சொன்னேன். இருபது வருடத்துக்குப் பிறகு.

அவர் எழுந்து அடுப்பை நிறுத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்தார். "அப்ப நீர் பாக்காமல் குத்தினனீர். நான் பாத்துப்போட்டுக் குத்தினனான்," என்றார். "உமக்குப் பஞ்சி. அவ்வளவுதான்." அதை அவர் எனக்கு ஆறுதலாகச் சொன்னார். எனக்கு அது இன்றுவரை ஆறுதலாக இல்லை.

முப்பது வருடம் ஒன்றும் நடக்கவில்லையே என்று கேட்டேன். "உலோகம் களைக்கிறதுக்குக் காலம் எடுக்கும். வெடிப்பு வயசு போகேக்கைதான் வரும். மனிசருக்கு மாதிரி," என்றார். மாதா கோவில் சுவாமியாரிடம் இதைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ததையும் சொன்னார். "சுவாமி மன்னிச்சுப்போட்டார். நல்ல மனிசன். ஆனா இறக்கைக்குள்ளை கிடக்கிறதை அவர் என்ன செய்யேலும்?"

அடுத்த மாதங்களில் இருவரும் கடிதம் எழுதினோம். அவர் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். லேனா ஆங்கிலத்தைத் திருத்தினாள். இங்குள்ள விமானப் பாதுகாப்பு அலுவலகம், அந்த விமானம் தங்கள் அதிகாரத்துக்குள் வராது என்றது. விமானத்தின் சொந்தக்காரர்கள் பதில் போடவில்லை. தொழிற்சாலை பெயர் மாறி, வேறொன்றோடு சேர்ந்து, இப்போது அங்கே என்ன கட்டுகிறார்கள் என்பதை உறுதிப்படுத்தவே வழியில்லை; அங்கே போகும் தபாலும் ஒழுங்காகப் போவதில்லை. விமானம் பதிவான நாட்டின் அலுவலகம் மட்டும் மரியாதையாகப் பதில் எழுதியது. வேறு சாட்சி உண்டா என்று கேட்டது.

நான் தேடினேன். துளைத்தவனின் பெயர் அவருக்கு நினைவில்லை. மேலாளர் இறந்துவிட்டார். க்ளாவா மாமியும் இல்லை. நானே செய்தியாக எழுதலாமா என்று பல நாள் யோசித்தேன். ஒரு நிறுவனத்தின் விமானம் ஆபத்தானது என்று எழுத எனக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர்தான் இருந்தார். இதை அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது.

"ஒரு முத்திரை காணும் எண்டனான்," என்றார். "குத்தேக்கை காணும். குத்தினதை எடுக்கேக்கை காணாது போலை."

விமானம் பதிவான நாட்டின் அந்த அலுவலகம் இன்னொன்றும் கேட்டது. இந்தக் குறையைப் பற்றி முன்பே எழுதப்பட்ட, திகதியுள்ள ஆவணம் ஏதாவது உண்டா? எங்கள் பழைய அலுவலகப் பெட்டிகள் என் வீட்டுக் கராஜில் கிடந்தன. மூன்று நாள் தேடினேன். நான் கழற்றி வைத்த அந்தப் பக்கம் ஒரு விளம்பர உறைக்குள் இருந்தது, என் கைப்பட 'இடமில்லை' என்று எழுதியபடி. அதை மொழிபெயர்த்து அனுப்பினோம். மாசி மாதம் பதில் வந்தது. திகதியில்லாத, வேற்றுமொழிக் கையெழுத்துத் தாளை ஆவணமாக ஏற்க முடியாது. அது எங்காவது வெளியாகியிருந்தால், வெளியான திகதியை ஏற்றிருக்கலாம்.

கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டியது நான்தான். லேனா வாசிப்பதாகச் சொன்னாள், நான் விடவில்லை. அவர் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த விளம்பரம் என்ன?"

"கலியாண மண்டபம், அண்ணை."

"மண்டபம் இருக்குதோ இன்னும்?"

"இல்லை. மூடியாச்சு."

அவர் சிரித்தார். சிரித்து இருமினார். "லேனாவின்ரை கலியாணத்துக்கு நான் அங்கைதான் கேட்டனான். விலை கூட எண்டு விட்டனான்," என்றார்.

அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. மருத்துவமனையில் கடைசியாகப் பார்த்தபோது, தாதி கையில் ஏற்றியிருந்த ஊசிக்குழாயை விரலால் தடவிப் பார்த்தார். "வடிவாப் போட்டிருக்கிறா," என்றார். பிறகு என்னிடம், "பீட்டரைக் கேட்டனீரோ?" என்றார். கேட்டேன், பறக்கிறது என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். அவர் என்னிடம் கேட்ட கடைசிக் கேள்வி அது.

அவருடைய பட்டியலின் ஏழாவது வரி இது. அவர் எழுதியபடியே தருகிறேன்: "இடது இறக்கை. உடலோடு சேரும் இடத்துத் தாங்கி. ஆறு துளைகளில் கடைசி இரண்டும் ஓரத்துக்கு மிகக் கிட்ட. பார்த்தேன். ஏற்றுக்கொண்டேன்." அதன் எதிரே ஒரு சாய்சதுரம், உள்ளே 47, அதன் மேல் குறுக்காக ஒரு கோடு. அந்த வரிக்கு இப்போது வெளியான திகதி ஒன்று உண்டு. விமானத்தின் இலக்கத்தை நான் இங்கே தரவில்லை. அதை உறுதிப்படுத்த என்னிடம் இன்னும் இரண்டாவது ஆள் இல்லை. இப்போது முதலாவது ஆளும் இல்லை. இது பஞ்சியா, மற்றதா என்று அவர் இருந்தால் சொல்லியிருப்பார்.

லேனா அந்தச் சட்டியை வைத்துக்கொள்கிறாள். என்னிடம் இருப்பது அந்தப் பக்கம், 'இடமில்லை' என்ற என் கையெழுத்தோடு.

பூசை வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு, நோர்பரி மாதா கோவிலில். இந்தக் கட்டுரையின் பிரதியோடு அந்த அலுவலகத்துக்கு மீண்டும் எழுதுகிறேன். எட்டு வாரத்துக்குள் பதில் தருவது அவர்கள் வழக்கம். விமானத்தின் அடுத்த பெரிய பரிசோதனை வருடக் கடைசியில். அந்த இடத்தை மூடியிருக்கும் தகட்டை அப்போது கழற்றுவார்களா என்பது தெரியாது. பீட்டரின் தகவல்படி அது நேற்று மத்தியானம் சரக்கோடு புறப்பட்டது. இறங்கிய செய்தி இதை எழுதி முடிக்கும்வரை வரவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து தகவல் பிந்தித்தான் வரும், அதற்கு அர்த்தம் ஒன்றும் இல்லை என்கிறார். நாளை காலை பத்து மணிக்குப் பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.